ஃபால்ஸ் சர்ச் ஆலயம் யாருக்குச் சொந்தம்: ஒரு சேகரப் பிளவின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில், ஃபால்ஸ் சர்ச் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள பழைய செங்கல் ஆலயத்தின் பெயரால்தான் ஊரே அழைக்கப்படுகிறது. 2006 டிசம்பரில் அந்தச் சேகரத்தில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் எபிஸ்கோப்பல் திருச்சபையை விட்டு விலக முடிவு செய்தார்கள். ஆலயமும் நிலமும் யாருக்கு என்ற வழக்கு அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2014இல்தான் முடிந்தது.

எபிஸ்கோப்பல் திருச்சபை என்பது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபை. நம் தென்னிந்தியத் திருச்சபையும் அதே உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பதால் பேராயர், திருமண்டலம், சேகரம், குருவானவர் என்ற நமக்குப் பழகிய சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன். வெஸ்ட்ரி என்பது ஏறக்குறைய நம் சேகரக் குழுவைப் போன்றது. இந்தப் பிளவில் நின்றவர்கள் பலர் இன்னும் வாழ்கிறார்கள். அதனால் அவர்களைப் பெயரால் அல்லாமல் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: புகையிலை, மானிய நிலம், கைவிடப்பட்ட ஆலயம்

ஃபால்ஸ் சர்ச் முதலில் சேர்ந்திருந்த ட்ரூரோ சேகரம் 1732இல் உருவானபோது வர்ஜீனியா ஒரு பிரிட்டிஷ் குடியேற்றம். இங்கிலாந்துத் திருச்சபையே அரசுத் திருச்சபை. ஆலயத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரும் சேகரத்துக்கு வரி கட்ட வேண்டும், அதுவும் புகையிலையாக. குருவானவருக்குச் சட்டம் நிர்ணயித்த சம்பளம் ஆண்டுக்கு 16,000 பவுண்டு எடைப் புகையிலை. அதற்கு மேல் அவர் குடியிருக்கவும் பயிரிடவும் மானிய நிலம் உண்டு. அமெரிக்க மண்ணில் பேராயர் ஒருவரும் இல்லாததால் குருப்பட்டம் வேண்டுகிறவர் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்வர வேண்டியிருந்தது.

ஃபால்ஸ் சர்ச்சின் முதல் மர ஆலயம் 1733இல் எழுந்தது. அது நின்ற 2 ஏக்கர் நிலம் 1746இல் ட்ரூரோ சேகரத்து வெஸ்ட்ரியின் பெயருக்கு எழுதப்பட்டது. இந்தப் பத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், 265 ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்தில் அது விரித்துப் படிக்கப்பட்டது. பின்னாளில் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன் அந்த வெஸ்ட்ரியில் உறுப்பினராக இருந்தவர். 1765இல் சேகரம் பிரிக்கப்பட்டு ஃபால்ஸ் சர்ச் புதிய ஃபேர்ஃபாக்ஸ் சேகரத்துக்குள் வந்தது. ஜேம்ஸ் ரென் என்பவரின் வரைபடப்படி 1767 முதல் 1769 வரை கட்டியதுதான் இன்றும் நிற்கும் செங்கல் ஆலயம். அதைக் கட்டிய கைகளில் அடிமைகளின் கைகளும் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் வரவில்லை.

விடுதலைப் போருக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. சேகர வரி நின்றது. 1786இல் ஜெபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. வருமானம் இல்லாத இடத்தில் குருவானவர் தங்கவில்லை. குருவானவர் இல்லாத ஆலயத்துக்கு மக்கள் வருவதும் நின்றுபோய், 1789 வாக்கில் ஃபால்ஸ் சர்ச் வெறும் கட்டடமாக நின்றது.

அப்போதே சொத்துக் கேள்வி வந்துவிட்டது. பழைய மானிய நிலங்கள் எல்லோருடைய வரிப் பணத்திலும் வாங்கியவை, ஆகவே அவை ஊருக்குப் பொது என்று வர்ஜீனியா சட்டமன்றம் 1802இல் சட்டம் போட்டு அவற்றை எடுத்துக்கொள்ள வழி செய்தது. ஏழைகள் நலக் கண்காணிப்பாளர்கள் ஃபேர்ஃபாக்ஸ் சேகரத்தின் மானிய நிலத்தையும் கேட்டார்கள். 516 ஏக்கர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1815இல் நிலம் திருச்சபைக்கே என்று தீர்ப்பானது. ஆர்லிங்டனில் இன்றும் கிளீப் ரோடு என்ற பெயரில் அந்த மானிய நிலம் நினைவில் இருக்கிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொத்து யாருக்கு: பணம் கொடுத்தவனுக்கா, அல்லது எந்த நோக்கத்துக்காகச் சொத்து வைக்கப்பட்டதோ அந்தத் திருச்சபைக்கா? 1815இல் இந்தச் சேகரத்து நிலத்தை வைத்தே கேட்ட கேள்வி இது. 2011இல் வேறு மனிதர்கள் மறுபடியும் கேட்டார்கள்.

1830களில், அருகில் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த இறையியல் கல்லூரியின் உதவியோடு ஆலயம் உயிர்பெற்றது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படை அதை மருத்துவமனையாகவும் பிறகு குதிரை லாயமாகவும் பயன்படுத்தியது. போருக்குப் பிறகு மறுபடி ஆராதனை தொடங்கி, ஒரு நூற்றாண்டுக்கு அது சாதாரண ஊர்ச் சேகரமாகவே இருந்தது.

1979: ஒரே ஆண்டில் மூன்று விஷயங்கள்

அந்த ஆண்டில் ஃபால்ஸ் சர்ச்சுக்குப் புதிய ரெக்டர், அதாவது சேகர குருவானவர் வந்தார். நற்செய்திப் பணியில் தீவிரமானவர். அவர் காலத்தில் சில நூறு பேர் கூடிய சேகரம் ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் சேகரமானது. பழைய ஆலயம் போதாமல் 1992இல் பக்கத்திலேயே பெரிய ஆராதனை மண்டபம் கட்டினார்கள். அதற்கான பணம் முழுக்கச் சேகரத்து மக்களின் காணிக்கை.

அதே 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு மாநிலத்து வழக்கில், சபைச் சொத்துத் தகராறுகளில் உபதேசத்துக்குள் போகாமல் பத்திரம், சட்டம், சபை விதிகள் ஆகியவற்றைப் பொதுவான சட்ட நெறிகளால் பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம் என்றது. சில மாதங்களில் எபிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுப் பேரவை ஒரு புதிய விதியைச் சேர்த்தது. சேகரம் வைத்திருக்கும் சொத்தெல்லாம் திருச்சபைக்காகவும் திருமண்டலத்துக்காகவும் பொறுப்பாக வைக்கப்பட்டவை என்பது அதன் சாரம். டென்னிஸ் கேனன் என்று அதைச் சொல்வார்கள்.

ஒரு சேகரம் தன் பணத்தில் வளரத் தொடங்கிய ஆண்டும், அந்தச் சொத்து யாருக்காக என்று மேலிடம் எழுதி வைத்த ஆண்டும் ஒன்று. என் வாசிப்பில் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான். விதி அச்சில் இருந்தது. ஆனால் அது ஒரு குடும்பம் காணிக்கை உறையை நிரப்பும் நேரத்தில் நினைவுக்கு வரும் விதி அல்ல.

கவனித்தவை: 2003க்குப் பிறகு

2003இல் நியூ ஹாம்ப்ஷயர் திருமண்டலம் தன் ஆண் துணையோடு வெளிப்படையாக வாழ்ந்த ஒரு குருவானவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. பொதுப் பேரவை ஒப்புதல் அளித்தது, நவம்பரில் அபிஷேகம் நடந்தது. ஃபால்ஸ் சர்ச்சில் பலருக்கு இது வேதாகமத்தின் அதிகாரத்தைப் பற்றிய நெடுநாள் கவலையின் உச்சமாகப் பட்டது. அதே சேகரத்தில் வேறு சிலருக்கு அது நியாயமான முடிவாகவோ, குறைந்தது வீட்டை விட்டுப் போகுமளவு காரணம் அல்லாததாகவோ தோன்றியது. இரண்டு பக்கத்திலும் ஜெபத்தோடு யோசித்தவர்கள் இருந்தார்கள். இதை மனதில் வைக்காமல் மீதியைப் படித்தால் யாரோ ஒருவரை வில்லனாக்கிவிடுவோம்.

சிலர் தங்கள் காணிக்கை திருமண்டலத்துக்குப் போகக்கூடாது என்று குறிப்பிட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிளவு முதலில் தெரிந்த இடம் பிரசங்க பீடம் அல்ல, கணக்குப் புத்தகம். திருமண்டலம் இதை உணர்ந்து ஒரு குழு அமைத்தது. விலக விரும்பும் சேகரங்கள் எந்த முறையில் விலகலாம், சொத்தைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று அந்தக் குழு ஒரு நடைமுறையை வகுத்தது. அதில் நம்பிக்கை வைத்தே பல சேகரங்கள் அடுத்த அடி எடுத்தன.

முடிவு: வாக்கெடுப்பு

2006 இலையுதிர் காலத்தில் 40 நாள் ஜெபமும் கலந்தாய்வும் நடந்தது. டிசம்பர் 17 அன்று முடிவை அறிவித்தார்கள். எபிஸ்கோப்பல் திருச்சபையிலிருந்து விலகி, நைஜீரியத் திருச்சபை வட அமெரிக்காவில் நடத்திய ஆங்கிலிக்கன் அமைப்பில் சேர்வது. சொத்தைத் தாங்களே வைத்துக்கொள்வது பற்றித் தனியாக ஒரு வாக்கு நடந்தது, அதற்கு ஆதரவு இன்னும் அதிகம்.

எந்தத் துணிவில் சொத்துக்கும் வாக்கெடுத்தார்கள்? அடிமைமுறையை ஒட்டி மெதடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியன்களும் பிளந்த காலத்தின் தழும்பாக, 1867இல் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஒரு திருச்சபையில் பிளவு ஏற்பட்டால், உள்ளூர்ச் சபையார் பெரும்பான்மை வாக்கால் எந்தக் கிளையோடு இருப்பது என்று தீர்மானிக்கலாம், சொத்தும் அந்தத் தீர்மானத்தின்படியே போகும். இதை நம்பி வாக்கு விவரத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள்.

எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒரு சிறு கூட்டம் எபிஸ்கோப்பல் சேகரமாகவே தொடர முடிவு செய்தது. தங்களுக்கென வெஸ்ட்ரி தேர்ந்தெடுத்தார்கள், திருமண்டலம் அங்கீகரித்தது. ஆனால் கூடுவதற்கு இடமில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த பிரஸ்பிட்டேரியன் சபை தன் கட்டடத்தில் இடம் கொடுத்தது. தங்கள் ஞானஸ்நானமும் திருமணமும் நடந்த ஆலயத்தைப் பார்த்தபடி வேறொரு சபையின் அறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆராதித்தார்கள். இந்த வழக்கைப் பற்றிய விவாதங்களில் பெரும்பான்மையின் எண்ணிக்கையைச் சொல்பவர்கள் இவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

30 நாள் ஒப்பந்தமும் அது முறிந்ததும்

வாக்கு முடிவு வந்த மறுநாள் விலகியவர்கள், திருமண்டலம் என்ற இரு தரப்பும் 30 நாளுக்கு வழக்கு போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. நல்ல தொடக்கம். ஆனால் அந்த நவம்பரில்தான் தேசியத் திருச்சபையில் புதிய தலைமைப் பேராயர் பொறுப்பேற்றிருந்தார். சொத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்பதில் தேசியத் தலைமை உறுதியாக இருந்தது. 2007 ஜனவரி நடுவில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. விலகியவர்கள் சொத்தைக் கைவிட்டதாகத் திருமண்டலம் அறிவித்தது, மாத இறுதியில் வழக்குத் தொடுத்தது. விலகிய சேகரங்களின் 21 குருவானவர்கள் பணிசெய்யத் தடை விதிக்கப்பட்டு, அதே ஆண்டில் எபிஸ்கோப்பல் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

திருமண்டலத்தின் நியாயமும் புரியக்கூடியதே. ஒரு தலைமுறையின் பெரும்பான்மை 270 ஆண்டுச் சொத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், முந்தைய தலைமுறைகள் யாரை நம்பிக் கொடுத்தார்கள்? தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்தவர்களுக்கு யார் பேசுவது? இருந்தாலும் முந்தைய குழு வகுத்த நடைமுறையைச் சோதித்துப் பார்க்கவாவது இன்னும் சில மாதங்கள் கொடுத்திருக்கலாம். வழக்கு வந்த பிறகு இரு தரப்பும் வக்கீல் வழியாகத்தான் பேச முடிந்தது.

வழக்கு: ஒரே நீதிபதி, இரண்டு தீர்ப்புகள்

2008இல் ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றம் 1867 சட்டப்படி பிளவு நடந்திருக்கிறது என்று விலகியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2010 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிளவு இருந்தது உண்மை, ஆனால் அந்தச் சட்டப்படி சபையார் சேரும் கிளை அதே திருச்சபையிலிருந்து பிரிந்த கிளையாக இருக்க வேண்டும். நைஜீரியத் திருச்சபையின் அமைப்பு அப்படிப்பட்டது அல்ல. ஆகவே சாதாரணச் சொத்துச் சட்டப்படி மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

2011 ஏப்ரலில் தொடங்கி 22 நாட்கள் விசாரணை. விலகியவர்களில் ஏழு சபைகள் இன்னும் வழக்கில் இருந்தன. ஃபால்ஸ் சர்ச் தரப்பு வாதம் நேரானது. நிலம் 1746இல் வாங்கியது. எபிஸ்கோப்பல் திருச்சபை என்ற அமைப்பே அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது. பத்திரத்தில் திருமண்டலத்தின் பெயர் இல்லை, 1992 மண்டபத்துக்கு மேலிடம் பணம் தரவில்லை. வர்ஜீனியாவில் சபைகள் சட்டப்படி நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளவே 2002 வரை அனுமதி இல்லை, அதனால் சொத்து உள்ளூர் அறங்காவலர்கள் பெயரில்தான் இருந்தது. டென்னிஸ் கேனன் போன்ற ஒருதலைப்பட்ச விதியால் மட்டும் அடுத்தவர் சொத்தின் மேல் உரிமை உண்டாகுமா?

சரி, பத்திரம் மட்டும்தான் ஆதாரம் என்றால் இந்த வாதம் நின்றிருக்கும். ஆனால் நீதிபதி பல தலைமுறைகளாக இரு தரப்பும் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்த்தார். சேகரத்து ரெக்டர்கள் எல்லோரும் பேராயரின் கீழ்ப் பட்டம் பெற்று, திருச்சபையின் உபதேசத்துக்கும் ஒழுங்குக்கும் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுத்தவர்கள். வெஸ்ட்ரி உறுப்பினர்களும் பதவியேற்கும்போது அதே போல் கையெழுத்திட்டார்கள். பேராயர் வந்து திடப்படுத்தல் நடத்தினார். ஆராதனை எபிஸ்கோப்பல் ஜெபப் புத்தகப்படி நடந்தது. கடன் வாங்கவும் சொத்தை அடமானம் வைக்கவும் திருமண்டலத்தின் ஒப்புதல் வாங்கினார்கள். திருமண்டலப் பேரவைக்குப் பிரதிநிதிகளை அனுப்பி விதிகளை இயற்றுவதில் பங்கெடுத்தார்கள்.

ஒவ்வொன்றும் அன்றன்றைக்குச் சாதாரண அலுவல். கடன் விண்ணப்பத்தில் பேராயரின் ஒப்புதல் கேட்ட செயலாளர், அந்தக் காகிதம் ஒருநாள் ஆலயம் யாருக்கு என்று சொல்லும் என நினைத்திருக்க மாட்டார். இந்த நிகழ்வைப் படித்ததில் என்னை மிகவும் நிறுத்திய இடம் இது. ஒரு சேகரத்தின் வரலாறு என்றால் நாம் குருவானவர்களின் பட்டியலையும் கட்டட ஆண்டுகளையும் எழுதி வைக்கிறோம். உறவின் வரலாறு குழுக் கூட்டக் குறிப்புகளில் இருக்கிறது.

2012 ஜனவரி 10 அன்று 113 பக்கத் தீர்ப்பு வந்தது. 2008இல் விலகியவர்களுக்குச் சாதகமாகச் சொன்ன அதே நீதிபதி இம்முறை ஆலயம், மண்டபம், நிலம் எல்லாம் திருமண்டலத்துக்கே என்றார்.

தொடர்ந்து நடந்தவை

ஏழு சபைகளில் ஆறு மேல்முறையீட்டைக் கைவிட்டன. அவற்றில் ஃபேர்ஃபாக்ஸ் நகரின் ட்ரூரோ சபை எடுத்த வழி கவனிக்கத்தக்கது. சொத்தைத் திருமண்டலத்துக்கு ஒப்படைத்து, அதே ஆலயத்தில் 2013 நடுவரை வாடகையின்றித் தங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. வழக்காடியவர்கள் வீட்டுக்காரரும் குடியிருப்பவருமாக மாறியபோது பேச்சும் திரும்பியது. பின்னாட்களில் இரு தரப்பும் சேர்ந்து சமாதானப் பணிக்கென ஒரு நிலையத்தையே தொடங்கின.

ஃபால்ஸ் சர்ச் தனியாக மேல்முறையீடு செய்தது. 2012 ஈஸ்டரை எபிஸ்கோப்பல் கூட்டம் பழைய இடத்தில் கொண்டாடியது. மே மாதம் பெரும்பான்மைச் சபை வளாகத்தை விட்டு வெளியேறியது. 2013 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. பத்திரத்தில் எழுதாவிட்டாலும், நடந்துகொண்ட விதத்தால் சேகரம் சொத்தைத் திருச்சபைக்காகவே பொறுப்பாக வைத்திருந்தது என்றது. 2003க்குப் பிறகு வந்த சில நன்கொடைகளைப் பற்றிய பகுதியில் மட்டும் விலகியவர்களுக்குச் சாதகமாகத் திருத்தியது. காணிக்கை உறையில் எழுதிய குறிப்புக்கு இருந்த பலன் அவ்வளவுதான். 2014 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

விலகிய சபை சிதறவில்லை. ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி உட்பட இரவல் இடங்களில் கூடி, 2019இல் ஆர்லிங்டன் பூல்வார்ட் சாலையில் தனக்கென ஆலயம் கட்டிக்கொண்டது. 1979இல் வந்த ரெக்டர் அந்த 2019இலேயே ஓய்வு பெற்றார். திரும்பி வந்த எபிஸ்கோப்பல் சேகரத்துக்கு எதிர்மாறான சுமை. ஆயிரக்கணக்கானவர்களுக்காகக் கட்டிய வளாகத்தை ஒரு சிறு கூட்டம் பராமரிக்க வேண்டியிருந்தது. மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். ஆலயத்தைக் கட்ட உழைத்த அடிமைகளை நன்றியோடும் மனவருத்தத்தோடும் நினைவுகூரும் பலகை ஒன்றையும் அங்கே நிறுவினார்கள்.

மறுபடி நடந்தால் மாற்ற வேண்டியவை

சொத்து யாருக்காக வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கட்டட நிதி திரட்டும் நாளிலேயே சபையாருக்குச் சொல்ல வேண்டும். 1992 மண்டபத்துக்குக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் 1979 விதியை அறிந்திருந்தார்கள் என்பது தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. ஆனால் மண்டபத்தை இழந்தபோது அவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததற்கும், தீர்ப்புக்குப் பிறகும் ஆறாததற்கும் அது காரணம். நிதி விண்ணப்பத்திலேயே இரண்டு வரி போதும்.

விலகலைப் பற்றிய வாக்கையும் சொத்தைப் பற்றிய வாக்கையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். மனசாட்சிக்காகப் போகிறோம் என்ற தீர்மானம், கட்டடத்தோடு போகிறோம் என்ற தீர்மானத்தோடு சேர்ந்ததும், எதிர்த் தரப்புக்கு முதலாவது காதில் விழவில்லை. அதேபோல், திருமண்டலமும் குருவானவர்களைத் தடைசெய்யும் நடவடிக்கையையும் சொத்து வழக்கையும் ஒரே மாதத்தில் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. பட்டத்தைப் பற்றிய ஒழுங்கு அதன் வேகத்தில் போகலாம். சொத்துக்கு மட்டும் நடுநிலையான மத்தியஸ்தர் ஒருவரை வைத்து, தேசியத் தலைமையும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், ட்ரூரோவுக்கு 2012இல் கிடைத்த ஒப்பந்தம் 2007இலேயே பேசக்கூடியதாக இருந்திருக்கும்.

பகிர்வை ஏதாவது ஒரு வடிவில் முதல் நாளே யோசித்திருக்கலாம். பெரும்பான்மைக்கு 1992 மண்டபம், சிறுபான்மைக்கு 1769 ஆலயம், ஞாயிறு நேரங்களில் இருவருக்கும் இடம் என்று தற்காலிக ஏற்பாடாவது செய்திருந்தால், ஐந்து ஆண்டுகள் ஒரு கூட்டம் தெருவின் எதிர்ப்புறம் இருந்திருக்க வேண்டாம். பதிவேடுகளைப் பொறுத்தவரை இன்னும் எளிது. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து, அசலை யார் வைத்திருந்தாலும் பிரதி மற்றவரிடம் இருக்க வேண்டும் என்று வழக்குக்கு முன்பே எழுதிக்கொள்ளலாம். அதற்கு எந்த நீதிபதியின் அனுமதியும் தேவையில்லை.